காரணம்: கைக்கடிகாரம்

இனாரி ஏரிக்கரையில் வாடகைக்கு ஒரு மரவீடு.
பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்த ஏரியில் துளையிட்டு
பதினான்கு மீட்டர் ஆழத்துக்கு
ஓர் ஒலிவாங்கியை இறக்கியிருக்கிறாள்
இங்கேரி சாரெல்மா.
அதன் கம்பி ஜன்னல் இடுக்கில் நுழைந்து
ஒலிப்பெட்டிக்கு வருகிறது,
ஒலிப்பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு,
அங்கிருந்து
சோப்புக்கட்டி அளவில் ஒரு வட்டுக்கு.

குளிர் ஏறினால்தான் ஏரி வாய் திறக்கும்.
குளிர் ஏறுவது நடுநிசிக்கு மேல்.
கணினி கண்ணயர்வதும் அப்போதுதான்.

காலையில் திரையில் ஒரு வரி:
‘வட்டு முறைப்படி கழற்றப்படவில்லை.’
“நானா கழற்றினேன்?”
என்று திரையிடம் கேட்டாள்,
பின்னிஷ் மொழியில் மட்டுமே சொல்லக்கூடிய
வேறு இரண்டு சொற்களையும் சேர்த்து.
பன்னிரண்டு நாற்பது முதல் ஆறு ஐந்துவரை
வரைபடத்தில் நேர்கோடு.
அந்நேரம் ஏரி சும்மா இருந்ததாகத்தான்
யாரும் படிப்பார்கள்.

கேபிளை மாற்றினாள்.
செருகும் இடத்தை மாற்றினாள்.
நாற்பது கிலோமீட்டர் வண்டியோட்டி இவாலோ போய்
தனி மின்சாரம் குடிக்கும் இணைப்புப்பெட்டி வாங்கிவந்தாள்.
அதன் நீல விளக்கு இரவெல்லாம் எரிந்தது,
ஆளில்லாத வீட்டின் வாசல் விளக்கு மாதிரி.
அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம்.
அழுத்தினால் அழுந்தாது.
‘நிர்வாகியின் அனுமதி தேவை.’

நிர்வாகி, ஓலு நகரத்துத் தார்மோ.
தார்மோ பனிச்சறுக்கு விடுமுறையில்.
திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு இரவு.

இரண்டு இரவு அவளே காவல் இருந்தாள்.
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
மவுஸை ஓர் அங்குலம் தள்ளினாள்.
தொட்டில் ஆட்டுவதற்கு நேர் எதிரான வேலை:
தூங்கிவிடாதே, தூங்கிவிடாதே.
மூன்றாம் இரவு ஆட்டியவள் தூங்கிப்போனாள்.
பத்து நிமிடம் கழித்து அதுவும்.

பனிக்கடியில் விரித்த வலையை இழுத்துவிட்டு
காபி குடிக்க வந்தான் நீல்லாஸ்.
அவள் கண்ணைப் பார்த்தான், கணினியைப் பார்த்தான்.
“இதற்கு எதற்கு ஆள்?”
மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினான்.
கலைமான் பந்தயத்தில் வந்த ஆறுதல் பரிசு,
முள் ஓடுகிற வகை.
மேசையில் மல்லாத்தி
அதன் முகத்தின்மேல் மவுஸை உட்காரவைத்தான்.
சிவப்பு வெளிச்சத்தை விநாடிமுள் கடக்கும்போதெல்லாம்
திரையில் அம்புக்குறி லேசாகத் துடித்தது.
யாரோ விழித்திருக்கிறார்கள் என்று
கணினி நம்பிவிட்டது.

நான்கு இரவு.
இங்கேரி குறட்டைவிட்டுத் தூங்கினாள்.
வட்டு நிரம்பிக்கொண்டே போனது:
தகரத்தின்மேல் சங்கிலி இழுபடும் ஓசை,
முறுக்கிக் கட்டிய கம்பியைக் கல்லால் தட்டிய ஓசை,
ஒருமுறை, வெகு ஆழத்தில்
யாரோ கதவைச் சாத்திக்கொண்டதுபோல.

ஐந்தாம் இரவு அடுப்பு அணைந்துவிட்டது.
காலையில் மறுபடியும் அதே வரி,
அதே குற்றச்சாட்டு.
பதிவு முடிந்த நேரம் நான்கு பதினேழு.
மவுஸை எடுத்துப் பார்த்தாள்.
கடிகாரம் நான்கு ஏழில் நின்றிருந்தது.
குளிரில் பேட்டரி செத்திருக்கிறது.
நின்றுபோன கடிகாரத்தை நம்பிக்கொண்டு
கணினி பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறது.
அதற்கு விதித்த பொறுமை அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்தின் கடைசியில்
ஒரு ஓசை கிளம்புகிறது.
இதுவரை கேட்டதில் சேராத ஓசை.
தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறுகிறது,
ஏறுகிறது,
அப்புறம் கோடு.

ஒன்பது மணிக்குத் தார்மோ
ஓலுவிலிருந்தபடியே உள்ளே வந்து
கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டான்.
மூன்று விநாடி வேலை.
“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றான்.

அறிக்கையில் ஒரு பத்தி:
‘நான்கு பதினேழுக்குப் பின் தரவு இல்லை.
காரணம்: கைக்கடிகாரம்.’
தலைமையகம் அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு
கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருக்கிறது.

அவள் இன்னும் பதில் எழுதவில்லை.
காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு
அந்தக் கடைசி ஏற்றத்தை
மீண்டும் ஓடவிடுகிறாள்.
பேட்டரி மாற்றிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு
நீல்லாஸ் வலைக்குப் போகிறான்,
பனியில் காலூன்றி, பார்த்துப் பார்த்து.